புதுப்பிப்பு: வெற்றுப் போர்டில் ஸ்பெக்ட்ரம் 48கே, -5 வோல்ட் வந்துவிட்டது

வெற்று சர்க்யூட் போர்டில் பாகங்களைச் சாலிடர் செய்து, 1980-களின் சின்க்ளேர் ஸ்பெக்ட்ரம் 48கே வீட்டுக் கணினியைக் கட்டிவருகிறேன். போன பதிவில், ராம் சிப்களுக்கு வேண்டிய -5 வோல்ட் வராமல் நின்றிருந்தது. காரணம் டிஆர்4 என்ற டிரான்சிஸ்டர் ஷார்ட். அதன் இடத்தில் இசட்டிஎக்ஸ்650 புதிதாகப் போட்டாச்சு. பக்கத்து டிஆர்5-ஐயும் (இசட்டிஎக்ஸ்213) கையோடு மாற்றிவிடுங்கள், ஒன்று போனால் மற்றதை நம்ப முடியாது. காயிலின் கம்பி அறுபடாமல் தொடர்ச்சியாக இருக்கிறதா என்றும் மீட்டரில் பாருங்கள்.

எட்டு 4116 ராம் (நினைவக) சிப்களையும் சாக்கெட்டில் இப்போதே செருகவேண்டாம். காலி சாக்கெட்டில் 16-ஆம் பின்னை கிரவுண்டாக வைத்து அளக்கவும்: 1-ஆம் பின்னில் -5, 8-ல் +12, 9-ல் +5 வோல்ட் வரவேண்டும். -5 இல்லாமல் 12 மட்டும் ஏறினால் சிப் வெந்துவிடும். அடாப்டர் 9 வோல்ட், நடுமுனை நெகட்டிவ். சந்தையில் கிடைப்பவை பெரும்பாலும் நேர்மாறு.

குன்னூர் மேகமூட்டத்தில் சாலிடர் செய்தபின் போர்டில் தங்கும் ஃப்ளக்ஸ் பசை மிச்சம் ஈரம் இழுக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் கழுவி, நன்றாகக் காயவைத்தபின்பே மின்சாரம் கொடுக்கவும். அடுத்தது, திரை, கீபோர்டு போன்றவற்றைக் கவனிக்கும் யூஎல்ஏ சிப்.