மாடு இறந்ததற்கான வெள்ள நிவாரணம் ‘அனுப்பியாகிவிட்டது’ என்கிறார்கள். கணக்கில் பணம் இல்லை. என்ன செய்வது?

பெண்ணைக்கரை:
எங்கள் ஊர் திருவெண்ணெய்நல்லூர் பக்கம். ஃபெஞ்சல் புயலுக்குப் பின், 2024 டிசம்பர் 2 அன்று தென்பெண்ணை ஊருக்குள் புகுந்தது. இரண்டு கறவை மாடுகளும் ஒரு கிடாரிக் கன்றும் கட்டுத்தறியிலேயே மூழ்கிவிட்டன. ஆடு ஏழில் நான்கின் உடல் வேலியில் சிக்கியிருந்தது. மூன்று போன இடமே தெரியவில்லை. கிராம நிர்வாக அலுவலரும் கால்நடை மருத்துவரும் வந்து எழுதிக்கொண்டு போனார்கள். பக்கத்து வீட்டுக்குப் பணம் வந்துவிட்டது. அம்மாவின் பாஸ்புக்கை மூன்று முறை பதிவு போட்டாயிற்று, ஒரு ரூபாய்கூட இல்லை. அலுவலகத்தில் கேட்டால் ‘அனுப்பியாகிவிட்டது’ என்ற ஒரே பதில்.

கடலூர் மாட்டுக்காரன்:
அம்மாவுக்கு வேறு ஏதாவது கணக்கு இருக்கிறதா? ஆதார் வழியாக அனுப்பிய பணம், நீங்கள் எழுதிக்கொடுத்த கணக்குக்குப் போகாது. ஆதாரோடு கடைசியாக எந்த வங்கியை இணைத்தீர்களோ அங்கேதான் போகும். ஆதார் இணையதளத்தில் ‘வங்கி இணைப்பு நிலை’ பாருங்கள். போன வெள்ளத்தில் நானும் இப்படித்தான் இரண்டு மாதம் அலைந்தேன்.

பெண்ணைக்கரை:
நூறு நாள் வேலைக்கென்று ஒரு கணக்கு தொடங்கினார். முழங்கால் வலியால் வேலைக்குப் போய் இரண்டு வருடம் ஆகிறது. அந்தப் பாஸ்புக்கைத் தேடவேண்டும்.

ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர்:
தேடும்போதே எவ்வளவு வரவேண்டும் என்ற கணக்கையும் போட்டு வையுங்கள் தம்பி. இந்த வெள்ளத்துக்குப் பசு, எருமைக்கு 37,500 ரூபாய், ஆட்டுக்கு 4,000. பேரிடர் நிவாரண விதிப்படி கன்றுக்கு 20,000. குடும்பத்துக்குக் கறவை மாடு மூன்று வரை, ஆடு முப்பது வரைதான். (கோழிக்கு 100 ரூபாய். நாட்டுக்கோழி வளர்த்தவரிடம் அதைச் சொல்லிப் பாருங்கள், திட்டு விழும்.) மாடுகளுக்குக் காதில் மாட்டும் அடையாள எண் வில்லை இருந்ததா?

பெண்ணைக்கரை:
இருந்தது ஐயா. புதைப்பதற்கு முன் அம்மா இரண்டு வில்லைகளையும் அறுத்தெடுத்துச் சுருக்குப் பையில் போட்டு வைத்திருக்கிறார். மஞ்சள் வில்லை, பன்னிரண்டு இலக்க எண் அழியவில்லை. கன்றுக்கு இன்னும் போடவில்லை.

பெண்ணைக்கரை (நான்கு நாள் கழித்து):
பழைய பாஸ்புக் அரிசிப் பானைக்குள் கிடைத்தது. பணம் அதில்தான் வந்து கிடக்கிறது! ஆனால் 91,000 ரூபாய். இரண்டு மாட்டுக்கும் நான்கு ஆட்டுக்கும்தான் வந்திருக்கிறது, கன்று விடுபட்டிருக்கிறது.

ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர்:
வில்லை இல்லாததால் விட்டிருக்கலாம். முதலில் மருத்துவரிடம் போய், அன்று எழுதிய இறப்புச் சான்றில் கன்று இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதன் நகலோடு வட்டாட்சியருக்கு மனு. இல்லையென்றால் அங்கேயே கேட்டு எழுதி வாங்குங்கள். வாய்ப்பேச்சை நம்பி வந்துவிடாதீர்கள். புதைத்தபோது எடுத்த படம் இருந்தால் இணையுங்கள்.

கடலூர் மாட்டுக்காரன்:
மனுவுக்கு ரசீது வாங்காமல் நகராதீர்கள். இழுத்தடித்தால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டம். அடித்துச் செல்லப்பட்ட ஆடுகளையும் அதே மனுவில் எழுதுங்கள். ஆனால் உடல் கிடைக்காததற்கு எங்கள் தெருவில் யாருக்கும் பணம் வரவில்லை.

பெண்ணைக்கரை:
சான்றில் கன்று இருக்கிறது அண்ணா. பட்டியல் தட்டச்சு செய்தபோதுதான் விட்டிருக்கிறார்கள். மனு கொடுத்து ரசீதும் வாங்கிவிட்டேன். வில்லைகளைக் காட்டலாம் என்று கேட்டேன், அம்மா பையை அவிழ்க்கவில்லை. எண்ணை மட்டும் எழுதிக்கொண்டு போனேன்.