பல்டியோடு ட்விஸ்ட் போட்டால் கணுக்கால் பிசகுகிறது, தப்பு எங்கே?

சங்குத்துறை பையன்:
மூன்று மாதமாகக் கடற்கரை மணலில் பின்பல்டி பழகுகிறேன். வெறும் பல்டி சுத்தமாக வருகிறது. ஒரு முழு ட்விஸ்ட், அதாவது தலை-கால் அச்சில் ஒரு சுற்று, சேர்க்கலாமென்று, எம்பும்போதே தோளை இடதுபக்கம் வெட்டினேன். ட்விஸ்ட் வந்தது, ஆனால் கால் மணலில் பதிந்த பிறகும் இடுப்பு திரும்பிக்கொண்டே இருந்ததில் கணுக்கால் போய்விட்டது, வர்ம ஆசானிடம் கட்டுப் போட்டுவந்து கிடக்கிறேன், வீட்டில் ஏச்சு வேறு.

நாகர்கோவில் அண்ணன்:
தரையைத் தள்ளி வாங்கிய சுழற்சி அது மக்கா. காற்றில் அதைக் கழற்றிப் போட முடியாது. கையை விரித்தால் வேகம் குறையும், நிற்காது. காற்றில் ஏறிய பிறகு திருகப் பழகு. இரண்டு கையும் மேலே இருக்கும்போது இடது கையை மட்டும் பக்கவாட்டில் சடக்கென்று இறக்கு. உடம்பு வலதுபக்கம் சாயும், ட்விஸ்ட் இடதுபக்கம் தானாக வரும்.

குளச்சல்காரன்:
பிடிக்க ஒன்றுமில்லாத காற்றில் ட்விஸ்ட் எப்படி அண்ணே வரும்? கோண உந்தம், அதாவது சுழற்சியின் மொத்த உந்தம், வெளியிலிருந்து தள்ளாமல் மாறாது என்றல்லவா பிளஸ் ஒன்னில் படித்தோம்?

நாகர்கோவில் அண்ணன்:
மாறவில்லை, பல்டியிலிருந்து கடன் வாங்குகிறோம். உடம்பு சாய்ந்ததும் பல்டியின் உந்தத்தில் ஒரு துளி தலை-கால் அச்சுக்குப் போகிறது. நீட்டிய உடம்பை அந்த அச்சில் திருப்புவது, பல்டியாகச் சுழற்றுவதைவிடப் பத்து மடங்குக்கு மேல் லேசு, அதனால் அந்தத் துளியே போதும். 10 டிகிரி சாய்ந்தால் ஒரு பல்டிக்குள் ஒரு முழு ட்விஸ்ட் கிடைத்துவிடும். நிறுத்துவதற்கும் அதே வழிதான், ஒரு முழுச் சுற்று முடிந்ததும் கையைத் திரும்ப ஏற்றினால் சாய்வு நிமிர்ந்து ட்விஸ்ட் அடங்கும். அரைச் சுற்றில் ஏற்றிவிடாதே, சாய்வு இன்னும் கூடும், பாதிப் பேர் சொதப்புவது இங்கேதான். 2019இல் அமெரிக்க ஜிம்னாஸ்ட் சிமோன் பைல்ஸ் இரண்டு பல்டிக்குள் மூன்று ட்விஸ்ட் போட்டார், அவரே டோக்கியோ ஒலிம்பிக்கில் காற்றில் திசை தெரியாமல் போய்ப் பாதியில் விலகினார். அதனால் கட்டு அவிழும்வரை மணல் பக்கம் போகாதே.

குளச்சல்காரன்:
அப்போ பல்டி இல்லாமல் கையை மட்டும் இறக்கினால்?

நாகர்கோவில் அண்ணன்:
சும்மா சாயும், அவ்வளவுதான். ஆழம் தெரிந்த குளத்தில், காலை கீழே வைத்து நேராகக் குதித்துப் பார்.

குளச்சல்காரன்:
பார்த்தாச்சு அண்ணே. திரும்பவே இல்லை, கோணலாகப் போய் விலாவில் தண்ணீர் பளாரென்று அறைந்தது. சட்டை போட்டால் இன்னும் எரிகிறது.