பணி ஓய்வு பெற்ற பேராசிரியரின் வகுப்புக் காணொளிகளும் கள ஒலிப்பதிவுகளும்: பல்கலைக்கழகம் எவ்வளவு காலம் வைத்திருக்கும்?

கேட்டவர்: முனைவர் பட்ட ஆய்வாளர்
ஆகஸ்டு 20, காலை

அனைவருக்கும் வணக்கம். தமிழகத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் நாட்டார் வழக்காற்றியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்து வருகிறேன். என் நெறியாளர் கடந்த மே 31-ஆம் நாள் பணி ஓய்வு பெற்றார். அவர் இவ்வாண்டு ஜனவரி முதல் ஏப்ரல் வரை மைக்ரோசாஃப்ட் டீம்ஸ் வழியே நடத்திய 62 வகுப்புகளும் பதிவு செய்யப்பட்டு, அவருடைய பல்கலைக்கழகக் கணக்கிலேயே இருந்தன. விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் ஒப்பாரி பாடும் பெண்கள் 23 பேரிடம் நான் எடுத்த நேர்காணல்களின் ஒலிக்கோப்புகளையும், பாதுகாப்பான இடம் என்று நம்பி, அவர் எனக்காகத் திறந்து கொடுத்திருந்த கோப்புறையில்தான் ஏற்றி வைத்திருந்தேன்.

நேற்று அந்தக் கோப்புறையைத் திறக்க முயன்றபோது, அப்படி ஒரு கோப்பே இல்லை என்ற செய்திதான் வந்தது. கணினி மையத்திற்கு எழுதிக் கேட்டேன். காணொளி, ஒலிப்பதிவுகளுக்கெனத் தனியான தக்கவைப்புக் காலம் எதையும் பல்கலைக்கழகம் வகுக்கவில்லை என்றும், கணக்கு நீக்கப்பட்டால் அதிலுள்ள கோப்புகளும் சேர்ந்தே நீங்கிவிடும் என்றும் பதில் வந்தது. ஒலிப்பதிவுக் கருவியின் நினைவக அட்டையை அடுத்த களப்பணிக்காக அழித்துவிட்டேன். பாடியவர்களில் இருவர் இன்று உயிரோடு இல்லை. இந்தப் பதிவுகளை மீட்க வழி இருக்கிறதா? பொதுவாக, ஒரு பல்கலைக்கழகம் இத்தகைய பதிவுகளை எவ்வளவு காலம் வைத்திருக்கும் என்பதையும் அறிந்தவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன்.

பதில் 1: வேறொரு பல்கலைக்கழகக் கணினி மையத்தில் பணியாற்றுபவர்
ஆகஸ்டு 20, நண்பகல்

மூன்று செய்திகள் தெரிந்தால்தான் சரியாகச் சொல்ல முடியும். பேராசிரியரின் கணக்கு எந்த நாளில் நீக்கப்பட்டது? ஓய்வு பெற்ற நாளைக் கேட்கவில்லை, கணக்கு நீக்கப்பட்ட நாளைக் கேட்கிறேன். வகுப்புகள் டீம்ஸில் துறைக்கென இருந்த சேனலுக்குள் (துறையினர் அனைவருக்கும் பொதுவான குழுப் பகுதிக்குள்) நடந்தனவா, அல்லது அவர் தம் நாட்காட்டியிலிருந்து தனிக்கூட்டமாக அழைத்தாரா? உங்கள் ஒலிக்கோப்புகள் அதே கணக்கின் ஒன்டிரைவில், அதாவது மைக்ரோசாஃப்ட் ஒவ்வொருவருக்கும் தரும் இணையச் சேமிப்பிடத்தில், இருந்தனவா? இவற்றுக்கு விடை வரும் வரை, மீட்கவே முடியாது என்ற முடிவுக்கு வந்துவிட வேண்டாம்.

கேட்டவர்
ஆகஸ்டு 20, மாலை

ஐயா, உடனே பதில் தந்தமைக்கு நன்றி. துறை அலுவலகத்தில் விசாரித்ததில் கணக்கு ஜூலை 7-ஆம் நாள் நீக்கப்பட்டதாகத் தெரிகிறது. வகுப்புகள் சேனலில் நடக்கவில்லை. ஒவ்வொரு வாரமும் பேராசிரியரே தனிக்கூட்டமாக அழைத்துப் பதிவையும் தொடங்கினார். ஒலிக்கோப்புகள் அதே கணக்கின் ஒன்டிரைவில்தான் இருந்தன.

பதில் 2: கணினி மையப் பணியாளர், தொடர்ச்சி
ஆகஸ்டு 20, இரவு

நீங்கள் தந்த நாள்களை வைத்துப் பார்த்தால் இன்னும் காலம் இருக்கிறது. ஆனால் வீணாக்கக் காலம் இல்லை. விளக்கமாகவே எழுதுகிறேன்.

ஒரு பதிவு எவ்வளவு காலம் இருக்கும் என்பதை ஒரே ஒரு கெடு தீர்மானிப்பதில்லை. பல கெடுக்கள் ஒன்றன் மேல் ஒன்றாக ஓடிக்கொண்டிருக்கும். முதலாவது, பதிவுக்கே உரிய காலாவதி. டீம்ஸ் கூட்டப் பதிவுகளுக்கு, நிருவாகி வேறு எண்ணைக் குறிப்பிடாத வரை, 120 நாள் என்ற இயல்பான காலாவதி உண்டு. கல்வி நிறுவனங்களுக்கு இலவசமாகத் தரப்படும் ஏ1 உரிமத்தில் அது 30 நாள்தான். இடையில் எத்தனை பேர் பார்த்தாலும் அந்த நாள் நகராது. காலாவதியான பதிவு, நீக்கப்பட்ட கோப்புகள் தற்காலிகமாகத் தங்கும் இடமான உரிமையாளரின் மறுசுழற்சித் தொட்டிக்குப் போகும். அங்கிருந்து சுமார் 90 நாள் வரை மீட்கலாம். அப்போது உரிமையாளருக்கு ஒரு மின்னஞ்சலும் போகும். உங்கள் நெறியாளர் ஓய்வு பெறும் பரபரப்பில் அதைப் பார்த்திருக்க வாய்ப்பில்லை.

இரண்டாவது, கணக்கின் கெடு. ஒருவருடைய கணக்கு நீக்கப்பட்டால் அவருடைய ஒன்டிரைவ் அன்றே அழிந்துவிடாது. நிருவாகி மாற்றாதிருந்தால் 30 நாள் அப்படியே இருக்கும். வேண்டுமானால் நிருவாகி இதைப் பத்து ஆண்டு வரை நீட்டிக்கலாம். அந்த 30 நாளும் முடிந்த பிறகு, முழு ஒன்டிரைவும் நீக்கப்பட்ட தளங்களின் பட்டியலில் 93 நாள் இருக்கும். இந்த 93 நாளுக்குள், ஒன்டிரைவுக்கு அடித்தளமான ஷேர்பாயிண்ட் என்ற கோப்புத் தள மென்பொருளின் நிருவாகி கட்டளைச் சாளரத்திலிருந்து தளத்தை மீட்டு, வேறொருவரை அதற்கு உரிமையாளராக்க முடியும். ஜூலை 7-உடன் 30 நாள் கூட்டினால் ஆகஸ்டு 6. அதிலிருந்து 93 நாள் என்றால் நவம்பர் 7. ஆகவே, இயல்பான அமைப்பை யாரும் குறைத்திராவிட்டால், தளத்தை இன்று மீட்க முடியும்.

ஒலிக்கோப்புகளைப் பற்றி உங்களுக்குக் கவலை வேண்டியதில்லை என்றே கருதுகிறேன். அவை கூட்டப் பதிவுகள் அல்ல, நீங்களே ஏற்றிய கோப்புகள். அவற்றுக்கு 120 நாள் காலாவதி பொருந்தாது. தளம் திரும்பினால் அவையும் இருந்த இடத்தில் திரும்பும். காணொளிகள்தாம் சிக்கல். ஜனவரி 6-இல் எடுத்த பதிவு மே 6-இல் காலாவதியாகியிருக்கும். மறுசுழற்சித் தொட்டியிலும் அதன் காலம் இம்மாதத் தொடக்கத்தோடு முடிந்திருக்கும். ஜனவரி மாத வகுப்புகள் நாளுக்கொன்றாகக் கையை விட்டுப் போய்க்கொண்டிருக்கலாம் என்று வைத்துக்கொண்டே செயல்படுங்கள்.

நாளைக் காலை கணினி மையத்திற்கு நேரில் செல்லுங்கள். கையில் துறைத் தலைவரின் கடிதம் இருக்கட்டும். கோப்புகளைத் தேடித் தாருங்கள் என்று கேட்டால், தேடினோம், இல்லை என்ற பதில்தான் வரும். நீக்கப்பட்ட ஒன்டிரைவ் தளத்தை மீட்டுத் துறைத் தலைவரை அதற்கு உரிமையாளராக்கித் தாருங்கள் என்று, கணக்கின் பெயரையும் நீக்கிய நாளையும் குறிப்பிட்டுக் கேளுங்கள். தளம் திரும்பிய அன்றே மறுசுழற்சித் தொட்டியையும் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

பதில் 3: கலைக் கல்லூரி ஆசிரியர்
ஆகஸ்டு 21

ஒலிப்பதிவுகளை மீட்க வேண்டும் என்பதில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் வகுப்புக் காணொளிகளைக் காலவரையின்றி வைத்திருக்க வேண்டுமா என்பதை எல்லாரும் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும். ஒரு வகுப்புப் பதிவில் ஆசிரியர் மட்டும் இருப்பதில்லை. தவறாக விடை சொன்ன மாணவரின் குரல், வீட்டின் பின்னணி, தம்மை அறியாமல் திறந்து வைத்திருந்த ஒலிவாங்கியில் விழுந்த குடும்பப் பேச்சு ஆகியவையும் அதில் இருக்கின்றன. பருவத் தேர்வு முடிந்து மறுமதிப்பீட்டுக்கான காலமும் முடிந்த பிறகு, அந்தப் பதிவுக்கு இருந்த காரணம் பெரும்பாலும் தீர்ந்துவிடுகிறது. ஒரு நோக்கத்துக்காகப் பெற்ற தனிநபர் தரவை அந்த நோக்கம் முடிந்ததும் அழித்துவிட வேண்டும் என்பதே 2023-ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வகுத்துள்ள நெறி.

பதில் 4: பல்கலைக்கழக நூலகமொன்றின் ஒலி, ஒளி ஆவணப் பிரிவில் இருப்பவர்
ஆகஸ்டு 21

மேலே ஆசிரியர் எழுதியது நியாயமான கவலை. அதே சட்டம், ஆராய்ச்சிக்கும் ஆவணக் காப்புக்கும் தேவையான தரவுக்கு, குறிப்பிட்ட ஒருவரைப் பற்றி முடிவெடுக்க அதைப் பயன்படுத்தாமலும் வகுக்கப்படும் தரங்களுக்கு உட்பட்டும் இருந்தால், விலக்கு அளிக்கிறது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். எல்லாவற்றையும் வைத்திருப்பதோ எல்லாவற்றையும் அழிப்பதோ ஆவணக் காப்பாளரின் வேலை அன்று. எதை, எதற்காக, யாருடைய பொறுப்பில், எந்த நாள் வரை வைத்திருப்பது என்று எழுதி வைப்பதே எங்கள் வேலை. அந்த ஏட்டைத்தான் தக்கவைப்பு அட்டவணை என்கிறோம். அது இல்லாத இடத்தில் மென்பொருளின் இயல்பமைப்பே பல்கலைக்கழகத்தின் கொள்கையாகிவிடுகிறது. இந்த ஆய்வாளருக்கு நேர்ந்திருப்பது அதுதான். 120 நாள் போதும் என்று அந்தத் துறையில் யாரும் கூடி முடிவு செய்யவில்லை.

வகுப்புப் பதிவுகளுக்கு அந்தப் பாடத்தைப் படிக்கும் மாணவர்கள் தேர்வெழுதி முடிக்கும் வரை என ஓர் எல்லை வைத்து, அதன் பின் எவற்றைக் காக்க வேண்டும் என்று துறையே தெரிவு செய்வது முறை. ஒரு பேராசிரியர் வேறெங்கும் எழுதி வைக்காத கள அனுபவத்தைச் சொல்லும் வகுப்பு நிச்சயமாகக் காக்கத் தக்கது. வருகைப் பதிவிலேயே பாதி நேரம் போன வகுப்பு அப்படியன்று. மாணவர் பேசும் பகுதிகளை நீக்கிய படியையே நிலையான காப்புக்கு எடுத்துக்கொள்ளலாம்.

கள ஒலிப்பதிவுகள் முற்றிலும் வேறு வகை. கேட்டவரிடம் ஒன்றைத் தெரிந்துகொள்ள விரும்புகிறேன். பாடியவர்களிடம் பெற்ற ஒப்புதல் படிவத்தில் பதிவுகள் எங்கே வைக்கப்படும் என்று எழுதியிருந்தீர்கள்?

கேட்டவர்
ஆகஸ்டு 21, இரவு

அம்மா, படிவத்தை எடுத்துப் பார்த்தேன். ‘இப்பதிவு ஆராய்ச்சிக்காகப் பல்கலைக்கழகத்தில் பாதுகாக்கப்படும்’ என்று இருக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாத பதினொரு பேருக்கு நானே வாய்விட்டுப் படித்துக் காட்டி ஒப்புதல் பெற்றேன். அந்த வரியைத் திரும்பப் படித்தபோது எனக்கு மிகுந்த வேதனையாக இருந்தது.

பதில் 5: நூலக ஆவணப் பிரிவு
ஆகஸ்டு 22

அந்த வரிதான் உங்கள் கோரிக்கைக்கு வலுவான ஆதாரம். பல்கலைக்கழகத்தின் பெயரால் ஒரு வாக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது. ஆகவே கடிதத்தைத் துறைத் தலைவரோடு நிறுத்தாமல் பதிவாளருக்கும் நூலகருக்கும் படிவத்தின் நகலோடு அனுப்புங்கள். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் பாடுபவர் மட்டுமன்றி விரிவுரை ஆற்றுபவரும் நிகழ்த்துநர் என்ற வரையறைக்குள் வருகிறார் என்பதும், நிகழ்த்துநரின் உரிமை 50 ஆண்டு நீடிக்கிறது என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. ஆகையால், மீட்ட பிறகு யார் கேட்கலாம், யார் படியெடுக்கலாம் என்பதையும் எழுத்தில் முடிவு செய்துகொள்ளுங்கள். உயிரோடு இல்லாத அந்த இருவரின் குடும்பத்தாரிடமும் ஒரு சொல் கேட்டுக்கொள்வது நல்லது.

பதில் 6: கணினி மையப் பணியாளர்
ஆகஸ்டு 22

இடப் பற்றாக்குறை என்று மறுமொழி வரக்கூடும். அது முழுதும் பொய்யன்று. கல்வி நிறுவனங்களுக்கு வரம்பின்றி இடம் தந்துவந்த கூகுள் அதை மாற்றப்போவதாக 2021 பிப்ரவரியில் அறிவித்து, நிறுவனம் முழுமைக்கும் சேர்த்து 100 டெராபைட் என்ற பொது அளவை 2022 ஜூலை முதல் நடைமுறைப்படுத்தியது. மைக்ரோசாஃப்டும் 2024 ஆகஸ்டு முதல் 100 டெராபைட் பொது அளவுக்கு வந்தது. கட்டண உரிமங்களுக்கு மட்டும் அதற்கு மேல் சிறிது கூடும். பத்தாயிரம் கணக்குகள் உள்ள பல்கலைக்கழகத்தில் அந்தப் பொது அளவைப் பகிர்ந்தால் ஆளுக்குப் பத்து ஜிபிதான் வரும். அதனால்தான் விலகியவர்களின் கணக்குகளை மையங்கள் முதலில் நீக்குகின்றன. நாங்களும் அப்படித்தான் செய்கிறோம்.

ஆனால் உங்கள் கோப்புகளுக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்று கூட்டிப் பாருங்கள். டீம்ஸில் ஒரு மணி நேரப் பதிவு ஏறத்தாழ 400 எம்பி. 62 வகுப்புகளும் சேர்ந்து 25 ஜிபிக்குள் அடங்கும். ஒலிப்பதிவுகள் எத்தனை மணி நேரம், எந்தத் தரத்தில் எடுத்தீர்கள்?

கேட்டவர்
ஆகஸ்டு 22

மொத்தம் 31 மணி நேரம். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், இருதட வேவ் கோப்புகள்.

பதில் 7: கணினி மையப் பணியாளர்
ஆகஸ்டு 22

அப்படியானால் அவை 32 ஜிபி வரும். காணொளிகளை விட மிகுதி. இரண்டும் சேர்ந்தாலும் 60 ஜிபியைத் தாண்டாது. 100 டெராபைட்டில் அது ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. இடத்தைக் குறைக்க, ஒலித்தரம் இழந்து சுருங்கும் எம்பி3 ஆக மாற்றித் தருகிறோம் என்று யாரேனும் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பன்னாட்டு ஒலி, ஒளி ஆவணக் காப்பகங்களின் சங்கம் காப்புப் பதிவுக்குக் குறைந்த அளவாகச் சொல்வதே 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்பதுதான்.

கேட்டவர்
ஆகஸ்டு 26

நேற்று மாலை தளம் மீட்கப்பட்டது. நீங்கள் எழுதிய சொற்களிலேயே கோரிக்கையை எழுதிக் கொடுத்ததால், கணினி மைய அலுவலர் இரண்டாம் கேள்வியே கேட்காமல் வேலையைத் தொடங்கினார். ஒலிக்கோப்புகள் 23-உம் அப்படியே இருக்கின்றன. ஒவ்வொன்றையும் தொடக்கம், நடு, முடிவு என மூன்று இடங்களில் கேட்டுப் பார்த்தேன். வகுப்புக் காணொளிகளில் பெரும்பாலானவை கோப்புறையில் இல்லை, மறுசுழற்சித் தொட்டியில் கிடந்தன. அவற்றை அன்றே வெளியே எடுத்துவிட்டோம். 53 கிடைத்தன. ஜனவரி மாதத்து முதல் ஒன்பது வகுப்புகள் இல்லை. அவற்றுள் ஐந்தினை உடன் பயிலும் ஒருவர் தாம் கேட்பதற்காக ஒலி வடிவில் எடுத்து வைத்திருந்தார். மீதி நான்கினை எங்கும் காணோம்.

இனி இந்த 53-க்கும் மறுபடி காலாவதி வராமலிருக்க என்ன செய்ய வேண்டும்? துறையின் அலமாரியில் நெறியாளர் 1990-களில் பதிவு செய்த ஒலிநாடாக்கள் சிலவும் இருக்கின்றன. அவற்றைப் பற்றியும் சொல்லுங்கள்.

பதில் 8: கணினி மையப் பணியாளர்
ஆகஸ்டு 26

ஒவ்வொரு பதிவின் விவரப் பலகத்திலும் காலாவதி நாளை நீக்கும் வசதி உண்டு. பதிவிறக்கித் திரும்ப ஏற்றினாலும் காலாவதி ஒட்டாது. ஆனால் இந்த முறை எந்தத் தனியாளின் ஒன்டிரைவிலும் ஏற்றாதீர்கள், துறைத் தலைவருடையதிலும் வேண்டாம். அவரும் ஒரு நாள் ஓய்வு பெறுவார். துறைக்கான ஷேர்பாயிண்ட் தளத்தில் ஏற்றுங்கள். அதோடு வெளிவட்டுகள் இரண்டில் படியெடுத்து, ஒன்றைத் துறையிலும் மற்றொன்றை வேறொரு கட்டடத்திலும் வையுங்கள். ஒவ்வொரு கோப்புக்கும் சரிபார்ப்புத் தொகையை, அதாவது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து மென்பொருள் கணக்கிடும் அடையாள எண்ணை, எழுதி வைத்தால், அடுத்த ஆண்டு ஒப்பிடும்போது கோப்பு சிதையாமல் இருக்கிறதா என்று உறுதியாகத் தெரியும்.

பதில் 9: நூலக ஆவணப் பிரிவு
ஆகஸ்டு 27

ஒலிநாடாக்களைத் தாமதிக்க வேண்டாம். யுனெஸ்கோவும் மேலே குறிப்பிட்ட ஒலி, ஒளி ஆவணக் காப்பகங்களின் சங்கமும் 2019-இல் தொடங்கிய எச்சரிக்கைத் திட்டத்தில், காந்த நாடாக்களை முறையாக இயக்கும் கருவிகளும் உதிரிப் பாகங்களும் கிடைப்பது 2025-ஐ ஒட்டி அரிதாகிவிடும் என்றுதான் உலகெங்குமுள்ள காப்பகங்களுக்குச் சொன்னார்கள். வீட்டில் இருக்கும் பழைய டேப் ரெக்கார்டரில் போட்டுப் பார்க்க வேண்டாம். நாடாவைத் தொட்டு ஒலியைப் படிக்கும் முனை அழுக்காக இருந்தால் நாடா கெடும். செங்குத்தாக நிறுத்தி, ஒலிபெருக்கி போன்ற காந்தமுள்ள பொருள்களுக்கு அருகில் இல்லாமல், ஈரமற்ற இடத்தில் வைத்து, உறையில் எழுதியிருக்கும் ஊர், நாள், பாடியவர் பெயர் ஆகியவற்றைக் கைப்பேசியில் படமெடுத்து வையுங்கள். நெறியாளருக்கு நினைவில் இருக்கும்போதே ஒரு நாள் உடன் அமர்ந்து, எந்த நாடாவில் யார் பாடுகிறார் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

கேட்டவர்
ஆகஸ்டு 27

வரும் ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார். காணாமல் போன நான்கு வகுப்புகளின் தலைப்புகளையும் எழுதி எடுத்துச் செல்கிறேன். கிடைக்காவிட்டால் அவற்றைத் திரும்பச் சொல்லித் தருவதாக அவரே தொலைபேசியில் கூறினார்.