செயல்வழி வகுப்பறையில் ஆசிரியருக்குத் துணைநிற்றல்: இரு அனுபவப் பகிர்வுகள்

ஓய்வு பெற்ற ஆசிரியர் பயிற்றுநர், திருநெல்வேலி:

பிள்ளைகள் அட்டைகளைக் கொண்டு தத்தம் வேகத்தில் செய்து கற்கும் செயல்வழிக் கற்றல் முறை 2007-08 கல்வியாண்டில் மாநிலம் முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிவுபடுத்தப்பட்டபோது நான் ஒரு வட்டார வள மையத்தில் ஆசிரியர் பயிற்றுநராக இருந்தேன். ஆந்திராவின் ரிஷிவேலியில் வளர்ந்த கற்றல் அட்டை முறையைத் தழுவிச் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் 2003-இல் தொடங்கிய முயற்சியே அவ்வாறு எங்கள் ஊர்ப் பக்கமும் வந்து சேர்ந்தது. கற்க வேண்டியவற்றைப் படிப்படியாகக் காட்டும் ஏணிப்படி, செயல்களின் வகையைக் குறிக்கும் சின்னங்கள், அட்டைகள், பிள்ளைகளின் படைப்புகளைத் தொங்கவிடும் கம்பிப் பந்தல், தரையை ஒட்டிய கரும்பலகை ஆகியவற்றைப் பயிற்சியில் விளக்குவது எளிதாகவே இருந்தது. பயிற்சி முடிந்து ஆசிரியர் தம் பள்ளிக்குத் திரும்பிய திங்கட்கிழமை காலையில்தான் சிக்கல்கள் ஒவ்வொன்றாகத் தலைகாட்டின.

முக்கூடல் பக்கம் ஓர் ஈராசிரியர் பள்ளி. அங்கிருந்த ஆசிரியை பயிற்சியில் சொன்னவற்றில் ஒன்றைக்கூட விடாமல் செய்திருந்தார். பிள்ளைகளும் தட்டுகளிலிருந்து அட்டைகளைத் தாமே எடுத்துக்கொண்டு ஆறு குழுக்களாகப் பாயில் அமர்ந்திருந்தனர். எனினும் அவர் ஓரிடத்திலும் உட்காரவில்லை; அட்டையை முடித்த பிள்ளைகள் நோட்டை நீட்ட, நின்றபடியே திருத்திக் கையெழுத்திட்டுக்கொண்டு அறையைச் சுற்றி வந்தார். முதல் குழு, ஆசிரியரின் முழு உதவியோடு கற்க வேண்டிய குழு. எழுத்தே தெரியாத பிள்ளைகள் அதில்தான் இருப்பார்கள். அந்தப் பிள்ளைகள் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்தபடி காத்திருந்தார்கள். முறையின் உயிர்நாடியே முதல் குழுவுடன் ஆசிரியர் உட்காருவதில் இருக்கிறது. மற்றக் குழுக்கள் பெரும்பாலும் சக மாணவர் உதவியோடும் தாமாகவும் கற்பதற்கு ஏற்பாடு செய்யப்பட்டிருப்பதும் அவருக்கு அந்த நேரத்தை மிச்சப்படுத்தித் தருவதற்குத்தான். இதைப் பயிற்சி அரங்கில் எத்தனை முறை சொன்னாலும் மனத்தில் நிற்பதில்லை. அன்று நோட்டுத் திருத்தும் வேலையை நான் வாங்கிக்கொண்டேன். அவர் முதல் குழுவோடு அமர்ந்தார். மதிய உணவு மணி அடிப்பதற்குள் 'ம'வுக்கும் 'ழ'வுக்கும் தடுமாறிக்கொண்டிருந்த ஒரு பையன் 'மழை' என்று எழுத்துக்கூட்டிப் படித்ததை இருவருமே கேட்டோம்.

கணக்கில் இன்னொன்று கண்டோம். பத்துப் பத்துக் குச்சிகளாகக் கட்டி நூறு வரை எண்ணும் அட்டையில் ஒரு சிறுமி பல நாட்களாக நகராமல் இருந்தாள். அந்த வட்டாரத்தில் பீடி சுற்றாத வீடு குறைவு. இருபத்தைந்து பீடி ஒரு கட்டு. ஆசிரியை அவளிடம், "ஒங்க வீட்ல நாலு கட்டுன்னா எத்தன பீடி?" என்று கேட்டார். அவள் யோசிக்கவே இல்லை. "நூறு, டீச்சர்" என்றாள். ஆச்சியும் அம்மாவும் எண்ணுவதைத் தினமும் கேட்டு வளரும் பிள்ளைக்கு நூறு என்பது முன்பே பழகிய எண். பத்தின் கட்டுதான் புதிது. மறுநாள் ஆசிரியை புளியங்கொட்டைகளைக் கொண்டுவந்து, முதலில் இருபத்தைந்தாகவும் பிறகு அவற்றையே பத்தாகவும் பிரித்துவைக்கச் சொன்னார். அட்டையில் இல்லாத இந்த இடைப்படியை அவர் தாமாகவே சேர்த்தார். இதை நான் ஒருபோதும் சொல்லிக் கொடுத்திருக்க முடியாது. அவருக்குத்தான் அந்த வீடுகள் தெரியும்.

பெற்றோரின் குறை வேறு இருந்தது. "என்ன சார், புக்கத் தொறக்காம பிள்ளைய பாய்ல வெளயாட விட்டிருக்கிய?" என்று ஒரு தாய் வாசலில் நின்று கேட்டார். அவரை உள்ளே அழைத்து மகளின் ஏணிப்படியைக் காட்டியதும் சமாதானம் ஆகிவிட்டார். பதிவேட்டை மட்டும் புரட்டிவிட்டு, "அமைதி இல்லையே" என்று எழுதிச் சென்ற அதிகாரிகளைச் சமாதானப்படுத்துவது அவ்வளவு எளிதாக இருக்கவில்லை. குழுக்களாகப் பேசிக் கற்கும் வகுப்பில் அமைதியைத் தேடுபவர், சந்தைக்குப் போய்ச் சத்தமாக இருக்கிறது என்று குறைப்படுபவரைப் போன்றவர்.

தொடக்கப் பள்ளி ஆசிரியை, நாங்குநேரி வட்டாரம்:

மேலே எழுதியவர் கூறும், பதிவேட்டை மட்டும் பார்த்துச் செல்லும் நிலை இன்றும் பெரிதாக மாறிவிடவில்லை. தொடக்க வகுப்புகளில் அடிப்படை எழுத்தறிவையும் எண்ணறிவையும் வளர்ப்பதற்கான எண்ணும் எழுத்தும் திட்டம் 2022-இல் வந்தபின் எங்கள் பிள்ளைகள் அரும்பு (தொடக்க நிலை), மொட்டு (இடைநிலை), மலர் (மேல்நிலை) என்று கற்றல் நிலைவாரியாக அமர்கின்றனர். கையேடும் பயிற்சி நூலும் கையில் இருக்கின்றன, பருவந்தோறும் பயிற்சியும் நடக்கிறது. ஆனால், பார்வைக்கு வருவோர் பெரும்பாலும் செயலியில் மதிப்பீடு பதிவாகிவிட்டதா என்பதைத்தான் முதலில் கேட்கின்றனர். மூன்று வகுப்புகளை ஒரே அறையில் வைத்துக்கொண்டு அரும்பு நிலைப் பிள்ளைகளுக்கு நேரம் ஒதுக்குவது எப்படி என்று நான் கேட்ட கேள்விக்குப் பதில் தந்தவர் பக்கத்து ஊர்ப் பள்ளியின் மூத்த ஆசிரியை ஒருவர். தலைமையாசிரியரின் அனுமதியோடு ஒரு முற்பகல் அந்த ஆசிரியையின் வகுப்பில் போய் உட்கார்ந்தேன்.

மலர் நிலைப் பிள்ளைகளுக்குக் காலையிலேயே ஒரு கதைப் புத்தகத்தைக் கொடுத்து, அதிலிருந்து கேள்விகள் தயாரிக்கச் சொல்லிவிடுகிறார். மொட்டு நிலையினர் அந்தக் கேள்விகளுக்குப் பதில் தேடுகின்றனர். இவ்விரு குழுக்களும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்வதால், ஏறக்குறைய அரை மணி நேரம் அரும்பு நிலைப் பிள்ளைகளோடு அவர் தடையின்றி இருக்க முடிகிறது. நான் அதை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. என் வகுப்பில் மலர் நிலையில் இருவர் மட்டுமே இருப்பதால், கதையைச் சத்தமாக வாசித்துக் காட்டும் பொறுப்பை அவர்களுக்குத் தந்திருக்கிறேன். அடுத்த பருவத்தில் அந்த ஆசிரியை என் வகுப்புக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார். கணக்குப் பாடவேளையில் வரச் சொல்லியிருக்கிறேன், ஏனெனில் எனக்கு உதவி தேவைப்படுவது அங்கேதான்.