ஒரு வருடம் தாண்டியும் மேசையில் நிற்கும் பொருள் எது?

திருகாணி:

எங்கள் வீட்டு அலமாரியின் மேல்தட்டு முழுக்க எனக்குப் பரிசாக வந்த வினோதப் பொருட்கள்தான். பிரித்த அன்று எல்லோரையும் "அட!" சொல்ல வைத்தவை. இரண்டே வாரத்தில் தூசி படிய ஆரம்பித்தவையும் அவையே. சூடாக ஏதாவது ஊற்றினால் படம் தெரியும் கோப்பை அதில் ஒன்று. படத்தின் மேல் ஒரு கறுப்புச் சாயம் இருக்கும், சூடு பட்டால் அது நிறமிழந்துவிடும், அவ்வளவுதான் வித்தை. பாத்திரம் கழுவும் எந்திரத்தில் போடாதீர்கள் என்று பெட்டியில் எழுதியிருந்ததை நான் படித்தது நான்காவது மாதம். இப்போது சூடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் பாதிப் படம் தெரிகிறது.

தட்டுக்கு ஏறாமல் மேசையிலேயே தங்கியது ஒன்றே ஒன்று: தண்ணீர் குடிக்கும் கண்ணாடிப் பறவை. மூன்று வருடமாகக் குனிந்து குனிந்து நிமிர்கிறது.

அப்பா அதைக் கையில் வாங்கியதும் பேட்டரி எங்கே என்று தேடினார். இல்லை என்றேன். நம்பவில்லை. மூக்கை ஒரு முறை நனைத்து, எதிரே தண்ணீர்க் குவளையை வைத்தோம். வயிற்றிலிருந்த சிவப்புத் திரவம் மெதுவாகக் கழுத்துக்கு ஏறி, தலை கனத்து, பறவை குனிந்து குடித்து நிமிர்ந்தது. அப்பா நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார்.

உள்ளே இருப்பது டைகுளோரோமீத்தேன். சுமார் 40 டிகிரியிலேயே கொதிக்கும் திரவம். தலையைச் சுற்றியுள்ள ஈரத் துணியிலிருந்து தண்ணீர் ஆவியாகும்போது தலை குளிர்கிறது. அதனால் தலைக்குள் இருக்கும் ஆவி சுருங்கி அழுத்தம் குறைகிறது. வயிற்றில் அழுத்தம் அப்படியே இருப்பதால் திரவம் குழாய் வழியே மேலே தள்ளப்படுகிறது. பறவை சாயும்போது குழாயின் கீழ்நுனி திரவத்தை விட்டு வெளியே வந்துவிடும். இரண்டு பக்கமும் அழுத்தம் சமமாகி, திரவம் திரும்ப வயிற்றுக்கு இறங்கும், பறவை நிமிரும். சரி, குனிந்தபோது மூக்கும் நனைந்துவிட்டதே, அடுத்த சுற்று ஆரம்பம். அமெரிக்கத் தொலைபேசி நிறுவனத்தின் ஆராய்ச்சிக்கூடமான பெல் ஆய்வகத்தில் வேலை பார்த்த மைல்ஸ் சல்லிவன் என்பவர் 1946-ல் இதற்குக் காப்புரிமை வாங்கியிருக்கிறார்.

மழை நாளில் இது சோம்பேறியாகிவிடும். காற்றில் ஈரம் ஏற்கெனவே நிறைந்திருப்பதால் தலையில் ஆவியாவது குறைந்துவிடுகிறது. ஒரு நாள் அதன் மேல் பெரிய கண்ணாடி ஜாடியைக் கவிழ்த்து வைத்துப் பார்த்தோம். கொஞ்ச நேரத்தில் நின்றேவிட்டது. அப்பா இப்போது துணி காயப்போடலாமா என்று பறவையைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார். (உடையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தத் திரவம் உடம்புக்கு ஆகாது. குழந்தை கைக்கு எட்டும் உயரத்தில் வேண்டாம்.)

உங்கள் வீட்டில் ஒரு வருடம் தாண்டி நிற்பது எது?

தூங்குமூஞ்சி:

தாண்டவில்லை, ஓடிப்போனது! அலாரம் அடித்தபடியே மேசையிலிருந்து குதித்து உருண்டோடும் கடிகாரம். இதை முதலில் செய்தவர் கௌரி நந்தா, அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் மாணவியாக இருந்தபோது. அதன் பெயர் க்ளாக்கி. 2005-ல் பொருளாதாரத்துக்கான இக் நோபல் பரிசே (சிரிக்கவைத்துப் பிறகு யோசிக்கவைக்கும் வேலைகளுக்குத் தரும் வேடிக்கைப் பரிசு) கிடைத்தது, மக்களைப் படுக்கையிலிருந்து எழுப்பி உழைப்பு நேரத்தைக் கூட்டியதற்காக! எனக்கு வந்தது அதைப் பார்த்து வேறு யாரோ செய்த ஒன்று. முதல் நாள் குதித்தது, ஓடியது, கட்டிலுக்கு அடியில் சுவரோரமாகப் போய்ச் சிக்கிக்கொண்டு அலறியது. நான் துடைப்பக் கட்டையால் துழாவ, பக்கத்து அறையிலிருந்து அம்மா, தங்கை எல்லோரும் எழுந்து வந்துவிட்டார்கள். நான்காம் நாள் அம்மாவே அதன் பேட்டரியைக் கழற்றி எங்கோ ஒளித்துவைத்துவிட்டார். இன்றுவரை கண்டுபிடிக்க முடியவில்லை. எழுப்பும் வேலையை அம்மாவே பார்க்கிறார், பேட்டரி செலவு மிச்சம்.

கோணல் அலமாரி:

வேலை செய்தால்தான் மேசையில் இடம் என்பது போலப் பேசுகிறீர்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அக்கா எனக்குக் கொடுத்தது எலுமிச்சை பிழியும் ஜூசி சாலிஃப். பிரெஞ்சுக்காரரான பிலிப் ஸ்டார்க் வடிவமைத்து, அலெஸ்ஸி என்ற இத்தாலிய நிறுவனம் 1990-ல் வெளியிட்டது. மூன்று நீண்ட கால்களில் நிற்கும் அலுமினியக் கணவாய்மீன் மாதிரி இருக்கும். விடுமுறையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது காகித நாப்கினில் அவர் கிறுக்கிய படம்தான் அதன் முதல் வரைவு. வடிகட்டி கிடையாது, கொட்டையெல்லாம் நேராக டம்ளரில் விழும். ஸ்டார்க்கே சொன்னதாகப் பரவலாகச் சொல்வார்கள்: இது எலுமிச்சை பிழிவதற்கல்ல, பேச்சைத் தொடங்கி வைப்பதற்கு என்று. பின்னால் தங்க முலாம் பூசிய பதிப்பு ஒன்றும் வந்தது. அதில் பழம் பிழியவே கூடாது, அமிலம் பட்டால் முலாம் கெட்டுவிடும்!

நான் ஏழு வருடத்தில் இரண்டு பழம் பிழிந்திருப்பேன். ஆனால் வீட்டுக்கு வந்த ஒருவர்கூட அதைத் தாண்டிப் போனதில்லை. குழாய் சரிசெய்ய வந்தவர் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இது விண்கலமா?" என்றார். அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம். குழாய் இன்னும் ஒழுகுகிறது, அது வேறு கதை.

மேசை விளக்கு:

புயல் கண்ணாடி என்று ஒன்று வாங்கி ஏமாந்தவன் நான். கற்பூரம் கரைந்த திரவம், உள்ளே படிகம் பூத்தால் வானிலை மாறப்போகிறது என்பார்கள். கவனித்துப் பார்த்தால் அது வெப்பநிலைக்குத்தான் ஆடுகிறது. அழகு, மறுக்கவில்லை. ஆனால் குடை எடுக்கலாமா என்று அதைக் கேட்காதீர்கள். திருகாணி வீட்டுப் பறவையையே கேளுங்கள்.

பழைய சாமான்:

தம்பிக்குப் பேராசைக் கோப்பை வாங்கிக் கொடுத்தேன். பித்தாகரஸ் பெயரில் சொல்லப்படும் பழைய தந்திரம். நடுவில் ஒரு தண்டு, அதற்குள் வளைந்த குழாய் ஒளிந்திருக்கும். கோடு வரை ஊற்றினால் சாதாரணக் கோப்பை. ஒரு சொட்டு மிஞ்சினால் குழாயின் வளைவு நிரம்பி, மொத்தமும் அடிவழியே ஓடிவிடும். தம்பி தன் நண்பர்கள் எல்லோருடைய சட்டையையும் நனைத்தான்.

இரண்டு மாதம் கழித்து ஒரு நாள் சலவை எந்திரத்தின் முன்னால் நின்று கத்துகிறான்: "அக்கா, இதிலேயும் அதே கோப்பை இருக்கு!" துணி மென்மையாக்கி ஊற்றும் அறையைத்தான் சொன்னான். அதில் ஒரு கோடு போட்டு, இதற்கு மேல் ஊற்றாதீர்கள் என்று எழுதியிருக்குமே, அதே சமாச்சாரம். கடைசி அலசலில் எந்திரம் தண்ணீர் விட்டு நிரப்பும்போதுதான் அது இறங்க வேண்டும். நாமே கோட்டைத் தாண்டி ஊற்றினால் முதலிலேயே மொத்தமும் ஓடிப்போகும். பல வருடமாக நான் தாராளமாக ஊற்றி வீணாக்கியதை ஒரு விளையாட்டுக் கோப்பை காட்டிக்கொடுத்தது. கோப்பை இப்போது அந்த எந்திரத்தின் மேலேயே இருக்கிறது.

தூங்குமூஞ்சி:

அய்யோ, நானும் கோட்டைத் தாண்டித்தான் ஊற்றுகிறேன்.

அரைத்தூக்கம்:

எங்கள் வீட்டில் ஜெயித்தது பயனற்ற பெட்டி. விசையைத் தட்டினால் மூடி திறந்து ஒரு விரல் வெளியே வந்து விசையை அணைத்துவிட்டு உள்ளே போய்விடும். வேறு வேலையே கிடையாது. செயற்கை நுண்ணறிவு முன்னோடி மார்வின் மின்ஸ்கிக்கு 1952-ல் தோன்றிய யோசனை, அதுவும் அந்தப் பறவைக்காரரின் பெல் ஆய்வகத்தில்தான். அங்கிருந்த கணித மேதை கிளாட் ஷானன் அதைச் செய்து மேசையில் வைத்திருந்தார். அதைப் பார்த்த அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்குக்கு ஏதோ திகிலாக இருந்ததாம்.

தாத்தாவுக்குத் திகில் இல்லை, கோபம்தான். "நான் போட்டதை அணைக்க இது யாரு?" என்று தினமும் காலையில் பத்து முறையாவது தட்டுவார். போன மாதம் பேட்டரி தீர்ந்து விரல் வரவில்லை. விசை போட்டபடியே இருந்தது. ஜெயித்துவிட்டார் என்று நினைத்தேன். மத்தியானம் அவரே புது பேட்டரி வாங்கிக்கொண்டு வந்து நிற்கிறார்.

திருகாணி:

அப்பாவிடம் இதையெல்லாம் வாசித்துக் காட்டினேன். பேராசைக் கோப்பையை வாங்கச் சொல்லிவிட்டார், பறவையின் தண்ணீரை அதில் வைக்கலாமாம். கோட்டைத் தாண்டினால் பறவை பட்டினி என்றேன். "நான் அளந்து ஊற்றுவேன்" என்கிறார். குவளை இப்போதே வற்றியிருக்கிறது, போய் ஊற்றிவிட்டு வருகிறேன்.