இங்கிலாந்து கால்பந்து லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் யார்? நேரில் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

வெம்பிளி, லண்டன்

எந்தத் தரவரிசையை எடுத்தாலும் ஷியரர் 260 கோல், கிக்ஸ் 13 லீக் பட்டம், ஹாலண்ட் ஒரே சீசனில் 36 கோல் என்று எண்கள்தான் வரிசையாக நிற்கின்றன. அவை எல்லோருக்கும் தெரிந்தவை. இந்த இழையில் நான் கேட்பது வேறு. மைதானத்தில் உட்கார்ந்து நேரில் பார்த்தவர்களைப் பற்றி எழுதுங்கள். நேரில் பார்த்த பெரியவர்கள் உங்களிடம் சொன்னதையும் எழுதலாம். யாருடைய ஆட்டத்தைப் பார்த்தபோது இவருக்கு மேல் ஒருவர் இல்லை என்று தோன்றியது?

எனக்கு அது தியரி ஹென்றி.

2004 ஏப்ரல் 9, புனித வெள்ளி. என்னுடன் வேலை பார்த்த தமிழ் நண்பர் ஒருவர் ஆர்சனல் சீசன் டிக்கெட் வைத்திருந்தார். அன்று அவர் தேவாலயத்துக்குப் போக வேண்டியிருந்ததால் டிக்கெட் என் கைக்கு வந்தது. ஆர்சனலின் ஹைபரி மைதானத்தில் லிவர்பூலுடன் ஆட்டம். அதே வாரத்தில்தான் ஆர்சனல் எஃப்.ஏ. கோப்பை அரையிறுதியில் மான்செஸ்டர் யுனைடெட்டிடமும், சாம்பியன்ஸ் லீகில் செல்சியிடமும் தோற்று வெளியேறியிருந்தது. மிச்சம் இருந்தது லீக் மட்டும்தான். அதில் அதுவரை ஒரு தோல்விகூட இல்லை. ஆனால் அன்று இடைவேளையில் லிவர்பூல் 2-1 என்று முன்னால் இருந்தது. என்னைச் சுற்றி இருந்தவர்கள் பேச்சையே நிறுத்திவிட்டார்கள்.

திரும்பி வந்ததும் ஆர்சனலின் பிரெஸ் சமன் செய்தார். அந்தச் சத்தம் அடங்குவதற்குள் நடுமைதானத்தில் ஹென்றியிடம் பந்து வந்தது. எதிரே லிவர்பூலின் ஹாமன். அவரைக் கடந்தாயிற்று. அடுத்து காரகர். அவர் எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் தடுமாறி விழுந்தார். வலது காலின் உட்பக்கத்தால் மெல்லத் தள்ளிவிட்ட பந்து கோல்கீப்பர் டுடெக்கைத் தாண்டி உள்ளே போயிற்று. தொலைக்காட்சியில் அந்த கோலைப் பார்த்தால் வேகம்தான் தெரியும். நேரில் பார்க்கும்போது எனக்குத் தெரிந்தது அவருடைய நிதானம். மற்ற எல்லோரும் அவசரப்பட்டுக்கொண்டிருந்தார்கள், அவர் ஒருவர் மட்டும் அவசரப்படவில்லை. ஹைபரி சிறிய மைதானம், கேலரி கோட்டுக்கு அருகிலேயே இருக்கும், பந்தை உதைக்கிற சத்தம்கூடக் கேட்கும். அந்த நெருக்கத்துக்குள் அவ்வளவு இடத்தை அவர் எங்கிருந்து கண்டுபிடித்தார் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன்.

அன்று ஹாட்ரிக் அடித்தார், ஆட்டம் 4-2. அந்த சீசன் 26 வெற்றி, 12 டிரா, தோல்வி இல்லாமல் முடிந்தது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2002-03 சீசனில் அவர் 24 கோல் அடித்ததோடு 20 கோல்களுக்குப் பாஸும் கொடுத்தார். கோல் அடிப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறோம், அடிக்கவைப்பவர்களையும் பார்த்திருக்கிறோம். இரண்டையும் ஒருவரே இந்த அளவுக்குச் செய்தது அபூர்வம்.

ஈஸ்ட் ஹாம், லண்டன்

அண்ணா, உங்கள் ஹென்றியில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் இங்கிலாந்து லீக், பிரீமியர் லீக் தொடங்கிய 1992இல்தான் பிறந்தது போல நாம் பேசுவது எனக்குப் பொறுக்கவில்லை. லீக் தொடங்கியது 1888இல்.

வெஸ்ட் ஹாம் அணியின் போலின் மைதானம் இருந்த காலத்தில் நான் கிரீன் ஸ்ட்ரீட்டில் ஒரு கடையில் வேலை பார்த்தேன். ஆட்ட நாளில் அந்தத் தெருவில் நடக்கவே முடியாது. மைதானம் திறப்பதற்கு முன்பே கடை நிரம்பிவிடும். பேப்பர், சிகரெட், சாக்லேட் என்று வாங்கிக்கொண்டே வெஸ்ட் ஹாம் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள். அதில் ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் அந்த வட்டாரத்திலேயே பிறந்தவர், சிறு வயதிலிருந்தே அப்பாவோடு ஆட்டம் பார்க்கப் போனவர். நான் புதிதாக வந்தவன், கால்பந்து அவ்வளவாகத் தெரியாது. வெஸ்ட் ஹாமின் டிஃபெண்டர் பாபி மூரைப் பற்றி எனக்குச் சொன்னவர் அவர்தான்.

மூருக்கு வேகம் கிடையாது, தலையால் முட்டுவதும் சுமார்தான் என்பார். இது நேரில் பார்த்த எல்லோருக்கும் தெரியும், எதிரணிக்கும் தெரியும். ஆனாலும் அவரைத் தாண்டிப் போக முடியாது. பந்து எங்கே வரப்போகிறதோ அங்கே அவர் முன்கூட்டியே நின்றுகொண்டிருப்பார். சறுக்கி விழுந்து பந்தைப் பறிப்பதை அரிதாகத்தான் பார்த்தாராம், அதற்குத் தேவையே வராதாம். இதைச் சொல்லும்போது கவுண்டரின் மேல் தீப்பெட்டி, சில்லறை எல்லாவற்றையும் அடுக்கி, யார் எங்கே நின்றார்கள் என்று காட்டுவார். பின்னால் வரிசையில் நிற்பவர்களும் எட்டிப் பார்ப்பார்கள். ஒரு டிஃபெண்டரின் ஆட்டத்தை இப்படித்தான் விளக்க முடியும் என்று எனக்குப் புரிந்தது அங்கேதான். அதை எந்தப் புள்ளிவிவரப் பலகையிலும் போட முடியாது.

1966 உலகக் கோப்பையை வாங்கிய கேப்டன் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் லீக் பட்டம் ஒன்றுகூட அவரிடம் இல்லை. வெஸ்ட் ஹாம் இன்றுவரை லீகை வென்றதில்லை. பட்டத்தை எண்ணி வரிசைப்படுத்தினால் மூர் முதல் நூறிலேயே வரமாட்டார். அப்படிப்பட்ட வரிசையை வைத்து என்ன செய்வது?

அதே பெரியவர் ஜிம்மி கிரீவ்ஸையும் பார்த்திருக்கிறார். கிரீவ்ஸ் கடைசியாக ஆடிய லீக் அணி வெஸ்ட் ஹாம்தான், 1971 வரை. அப்போது பழைய வேகம் போய்விட்டதாம். ஆனாலும் கோல் பக்கத்தில் பந்து கிடைத்தால் வலைக்குள் உதைக்க மாட்டார், பாஸ் கொடுப்பது போல உருட்டிவிடுவார் என்று சொல்வார். அன்றைய உச்சப் பிரிவான முதல் டிவிஷனில் கிரீவ்ஸ் அடித்தது 357 கோல். செல்சியில் 124, டாட்டனமில் 220, வெஸ்ட் ஹாமில் 13. இது இன்றும் சாதனை. ஷியரரின் 260உடன் பிரீமியர் லீக் தொடங்கும் முன் முதல் டிவிஷனில் அவர் அடித்ததையும் சேர்த்தால்கூட 283தான் வருகிறது. ஆறு சீசன்களில் லீகிலேயே அதிக கோல் அடித்தவர் கிரீவ்ஸ். அதுவும் சேறு நிறைந்த மைதானங்களில், பின்னாலிருந்து காலை வாரினாலும் நடுவர் பெரிதாகக் கண்டுகொள்ளாத காலத்தில்.

என் வரிசையில் முதலில் கிரீவ்ஸ், அப்புறம் மூர். கிரீன் ஸ்ட்ரீட்டும் பார்க்கிங் ரோடும் சேரும் இடத்தில் மூரைத் தோளில் தூக்கியபடி இருக்கும் சிலை இன்னும் நிற்கிறது. 2016இல் அணி ஸ்ட்ராட்ஃபோர்டுக்குப் போய்விட்டது, மைதானம் இடிக்கப்பட்டு வீடுகள் வந்துவிட்டன. அந்தப் பக்கம் போகிறவர்கள் ஒரு நிமிடம் நின்று பாருங்கள்.

மதுரை

நான் எந்த மைதானத்துக்கும் போனதில்லை, தொலைக்காட்சிதான். ஒரே ஒரு வேண்டுகோள், கோல்கீப்பர்களை மறந்துவிடாதீர்கள். பீட்டர் ஷ்மைக்கேல் கோலிலிருந்து கையால் எறியும் பந்து பாதி மைதானத்தைத் தாண்டும், அதிலிருந்தே யுனைடெட்டின் தாக்குதல் தொடங்கும். சிறந்த பத்தில் ஒரு கோல்கீப்பராவது இல்லாத வரிசையை நான் ஏற்க மாட்டேன்.

லெஸ்டரில் படித்தவன், இப்போது கோவை

ஈஸ்ட் ஹாம் நண்பர் டிஃபெண்டரைப் பற்றிச் சொன்னது அப்படியே நடுக்கள ஆட்டக்காரர் கான்டேவுக்கும் பொருந்தும். 2015-16இல் நான் லெஸ்டரில் மாணவன். அந்த சீசன் லெஸ்டர் பட்டம் வென்றது உலகத்துக்கே தெரியும். எல்லோரும் வார்டியையும் மாரெஸையும் பேசினார்கள். கிங் பவர் மைதானத்தில் உட்கார்ந்து பார்த்தால் கண் மூன்றாவது ஆள் பக்கமே போகும். தொலைக்காட்சி கேமரா பந்தின் பின்னால் போகிறது. பந்து இல்லாத இடத்தில் கான்டே என்ன செய்கிறார் என்பது அதில் தெரியாது. எதிரணி இடது பக்கம் தாக்கும்போது அவர் ஏற்கெனவே வலது பக்க இடைவெளியை அடைக்கக் கிளம்பியிருப்பார். அடுத்த பாஸ் அங்கேதான் போகும். பார்த்துக்கொண்டிருந்தவர்களில் பாதிப்பேர் அப்போதுதான் அவரைக் கவனிப்பார்கள்.

சந்தேகம் இருந்தால் அடுத்த சீசனைப் பாருங்கள். கான்டே செல்சிக்குப் போனார். முந்தைய ஆண்டு பத்தாம் இடத்தில் முடித்த செல்சி 93 புள்ளிகளுடன் சாம்பியன் ஆனது. லெஸ்டர் 12ஆம் இடத்துக்கு இறங்கியது, இடையில் பயிற்சியாளர் ரனியேரியை நீக்கும் அளவுக்கு நிலைமை போயிற்று. செல்சிக்கு அந்த ஆண்டு புதுப் பயிற்சியாளர் வந்தார், ஐரோப்பியப் போட்டிகளின் சுமையும் இல்லை. எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் வெவ்வேறு அணிகளில் அடுத்தடுத்த ஆண்டுகளில் பட்டம் வென்ற இந்த ஆளை முதல் இருபதுக்குள் வைக்காதவர்கள் அவரை நேரில் பார்த்திருக்க மாட்டார்கள்.

நியூகாசில்

எண்களைத் தள்ளிவைக்கச் சொல்கிறீர்கள், சரி. ஆனால் ஷியரரின் எண் வெறும் எண் இல்லை. 1992 டிசம்பரில் முழங்கால் தசைநார் கிழிந்தது. 1997இல் சீசன் தொடங்கும் முன்பே கணுக்கால் போயிற்று. இரண்டு முறையும் மாதக்கணக்கில் வெளியே இருந்தார். அதற்குப் பின்னால் முன்பு போல ஓடிக் கடக்க முடியாமல் போனதால் ஆட்டத்தையே மாற்றிக்கொண்டார். கோலுக்கு முதுகைக் காட்டி, டிஃபெண்டரை உடம்பால் தள்ளிவைத்துப் பந்தைப் பிடிப்பார். நியூகாசிலின் செயின்ட் ஜேம்ஸ் பார்க் மைதானத்தில் நான் பார்த்தது இந்த இரண்டாவது ஷியரரைத்தான். 2002இல் எவர்ட்டனுக்கு எதிராகத் தரையில் படவிடாமல் தூரத்திலிருந்து அடித்த கோலின்போது நான் அந்த மூலையில்தான் இருந்தேன். பந்து காலில் பட்டதும் எழுந்தோம், வலையில் விழுந்ததும் பக்கத்தில் இருந்தவர் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அவர் யார் என்று இன்றுவரை தெரியாது.

மான்செஸ்டர் யுனைடெட் கூப்பிட்டும் போகாமல் 1996இல் சொந்த ஊருக்கு வந்தார். போயிருந்தால் பட்டங்கள் குவிந்திருக்கும். இங்கே பத்து ஆண்டுகளில் ஒரு கோப்பைகூட இல்லை. நகரம் அவரை நேசிப்பதற்கு அதுவும் ஒரு காரணம். என் வரிசையில் முதல் இடம் அவருக்கு.

வெம்பிளி, லண்டன்

மூர், கான்டே இரண்டு பேரையும் என் முதல் பத்தில் சேர்த்துவிட்டேன். ஷியரருக்கு மூன்றாம் இடம், கிரீவ்ஸுக்கு இரண்டாம் இடம், ஹென்றி அசையவில்லை. மான்செஸ்டர் பக்கத்திலிருந்து இன்னும் யாரும் எழுதவில்லை. சார்ல்டன், லா, பெஸ்ட் மூவரும் மான்செஸ்டர் யுனைடெட்டில் ஒன்றாக ஆடியதை ஓல்ட் டிராஃபோர்டில் பார்த்தவர்கள் யாராவது உங்களுக்குத் தெரிந்தால் சீக்கிரம் போய்க் கேட்டு எழுதுங்கள். அப்படிப் பார்த்தவர்களில் பலருக்கு இப்போது எழுபது வயதுக்கு மேல்.