பதிவேட்டில் "நல்ல நிலை", பீடத்தின் அடியில் பச்சைத் தூள்

செப்புத்தகடு:
எங்கள் அருங்காட்சியகத்தில் 38 செ.மீ. செப்பு அம்மன் படிமம், புதையலாக வந்தது. பதிவேட்டில் மூன்று ஆண்டும் "நல்ல நிலை". முன்பக்கம் சரிதான், கரும்பச்சையாகக் கெட்டிப்பட்ட களிம்பு. சாய்த்துப் பீடத்தின் அடிக்குழியைப் பார்த்தால் வெளிர்பச்சைத் தூள், மிளகளவில் நான்கு இடம். மூங்கில் குச்சியின் நுனி பட்டதும் உதிர்ந்தது. கீழே குழி, குழிக்குள் மெழுகு போன்ற சாம்பல் நிறம். அந்தச் சாம்பல் இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை. குப்ரஸ் குளோரைடு, செம்பும் குளோரினும் சேர்ந்த உப்பு. ஈரமும் காற்றும் பட்டால் பச்சைத் தூளாகும், கூடவே அமிலம் பிறக்கும், அமிலம் பக்கத்துச் செம்பைத் தின்னும். ஷோகேஸுக்குள் ஈரப்பதம் 70%. மூன்று ஆண்டும் படிமத்தை ஒருவரும் திருப்பிப் பார்க்கவில்லை.

பதிவறை:
பச்சைத் தூளைக் கண்டதும் வெண்கல நோய் (செப்புத்தகடு சொன்ன குளோரைடு அரிப்பு) என்று எழுதிவிடாதீர்கள். அபிஷேக எண்ணெய் எச்சம் செம்போடு சேர்ந்தும் பச்சை வரும். அது பிசுபிசுக்கும், அடியில் குழி இருக்காது. சந்தேகம் இருந்தால் கடுகளவு தூளைச் சோதனைக்குழாயில் போட்டு, நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் கரைத்து, ஒரு சொட்டு சில்வர் நைட்ரேட் விடுங்கள். பால்போல் வெளுத்தால் குளோரைடு. குழாயைக் காய்ச்சி வடித்த நீரில் கழுவியிருக்க வேண்டும். குழாய்த் தண்ணீரிலும் விரல் வியர்வையிலும் குளோரைடு உண்டு, அதுவே பொய்யாக வெளுக்கும். எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930-லேயே வேதியியல் கூடம் வந்துவிட்டது. அதன் பெரும்பாடு இந்தச் செப்புப் படிமங்களின் அரிப்போடுதான். இன்றும் கண்ணளவில் முடிவு கட்டினால் எப்படி?

ஏடுகட்டி:
ஓலைச்சுவடிக்கும் இதே கதி. 112 ஏடு, அறிக்கையில் "பூச்சி அரித்தது" என்று ஒரே வரி. எப்போது அரித்தது? பருத்திக் கையுறையோடு கட்டை அவிழ்த்துக் கறுப்புத் தாளில் லேசாகத் தட்டியதும் மாவுபோல் வெளிர்தூள் கொட்டியது. பழைய துளையின் விளிம்பு கறுத்திருக்கும், புதியது வெளுத்திருக்கும். 40-ஆம் ஏட்டிலிருந்து 61 வரை வெளுத்த விளிம்பு, ஒரே நேர்கோட்டில். புழு ஏடுகளை ஊடுருவிப் போன வழி அது. தூளை மென்தூரிகையால் தள்ளிவிட்டு, புதுத் தாளில் சுற்றி, இரண்டு வாரம் கழித்துப் பிரித்தால் மறுபடி தூள். பூச்சி உயிரோடு இருக்கிறது. மற்றச் சுவடிகளிலிருந்து அன்றே பிரித்து வைக்க வேண்டியது.

சாய்வெளிச்சம்:
ஏடுகட்டி, பருத்திக் கையுறை வேண்டாம். ஏட்டின் சிம்பில் நூல் மாட்டினால் எழுத்தோடு பிய்த்துக்கொண்டு வரும். சுவடிக்குக் கழுவி உலர்த்திய வெறுங்கை, உலோகத்துக்கு நைட்ரைல் (செயற்கை ரப்பர்) கையுறை.

தஞ்சாவூர் ஓவியம் ஒன்று. நேர்வெளிச்சத்தில் குறையே தெரியவில்லை. விளக்கைப் பக்கவாட்டில் இறக்கி, பலகையை ஒட்டினாற்போல் 10 டிகிரியில் அடித்ததும் கிருஷ்ணனின் வலது தோளில் தங்கரேக்கு கூடாரம்போல் எழும்பி நிழல் விழுந்தது. சுண்ணப்பூச்சு, பலகைமேல் ஒட்டிய துணியை விட்டுவிட்டது. அதற்கு முந்தைய வாரம்தான் யாரோ உலர்பஞ்சால் தூசி துடைத்திருக்கிறார்கள்.

கேட்கவில்லை என்றாலும் எழுதும் முறையைச் சொல்லிவிடுகிறேன். "சேதம்" என்று எழுதாதீர்கள். "இடது விளிம்பிலிருந்து 14 செ.மீ., மேலிருந்து 9 செ.மீ., பூச்சு எழும்பல், 22 × 8 மி.மீ., உதிரும் நிலை" என்று எழுதுங்கள். இடது என்பது பார்ப்பவரின் இடதா, உருவத்தின் இடதா என்பதை முதல் வரியிலேயே சொல்லுங்கள். படிமத்தில் இது தவறினால் அடுத்தவர் வேறு கையைப் பார்த்துக்கொண்டிருப்பார். அளவுகோலும் நிற அட்டையும் சட்டகத்துக்குள் இருக்க, நேர்வெளிச்சத்தில் ஒன்று, சாய்வெளிச்சத்தில் ஒன்று படம். படத்தின் மேல் ஒளிபுகும் தாள் வைத்துச் சேதத்தின் எல்லையை வரைந்து தேதி இடுங்கள். அடுத்த ஆண்டு அதே தாளைப் புதுப்படத்தின் மேல் வைத்தால் வளர்ந்ததா இல்லையா என்பது தெரிந்துவிடும். இரவல் போகும் பொருள் என்றால் வந்த பெட்டியை உடனே திறக்காமல் 24 மணி நேரம் அறையிலேயே விட்டுப் பிறகு ஒப்பிடுங்கள்.

செப்புத்தகடு:
பதிவறைக்கு: சோதித்தாயிற்று, வெளுத்தது. படிமம் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு மூடிய பெட்டியில், உள்ளே ஈரப்பதம் 36%. நான்கு இடத்தையும் பீடத்தின் முன்விளிம்பிலிருந்து அளந்து எழுதியிருக்கிறது. "நல்ல நிலை" என்ற வரிகளை அடிக்கவில்லை. அவற்றின் கீழே தேதியோடு புது வரி.